தீவு மக்களிடம் ஆபத்தை எப்படிச் சொல்வது: தண்ணீர், மீன், சாம்பல், அலை

கேள்வி இதுதான்: சில ஆயிரம் பேர் வாழும் ஒரு தீவில் கிணற்றுநீர் கெட்டுவிட்டது, மீனில் நச்சு ஏறிவிட்டது, எரிமலைச் சாம்பல் விழப்போகிறது என்றால், மக்கள் அதைக் கேட்டு அதன்படி நடக்கும் விதத்தில் எப்படிச் சொல்வது? பெருநிலப்பகுதிகளுக்காக எழுதிய கையேடுகள் அங்கே ஏன் பலிப்பதில்லை?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி. கையேடு "இந்த நீரைக் குடிக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பெருநிலத்தில் அது போதும். கேட்பவர் அடுத்த தெருவில் கேன் வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் இரண்டு நாள் உறவினர் வீட்டில் போய் இருப்பார். தீவில் அடுத்த தெருவுக்கு அப்பால் கடல். படகு வாரத்துக்கு இரண்டு முறைதான் வரும், காற்று எழுந்தால் அதுவும் வராது. உறவினரும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார். "குடிக்காதே" என்பதைக் கேட்டவர் ஒரு நாள் தாக்குப்பிடிப்பார், மறுநாள் குடித்துவிடுவார். குடித்தபின், எச்சரிக்கை சொன்னவர்களைப் பற்றி அவர் மனதில் ஒரு கணக்கு விழும்: இவர்கள் நம் நிலைமை தெரியாமல் பேசுகிறார்கள். அடுத்த எச்சரிக்கையை அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஆகவே தீவுக்கான முதல் விதி: மக்களிடமிருந்து எதை விலக்கச் சொல்கிறோமோ, அதற்கான மாற்றை அதே மூச்சில் சொல்ல வேண்டும். மாற்று கைவசம் இல்லையென்றால் அதை ஏற்பாடு செய்வது எச்சரிக்கை வேலையின் முதல் பாதி. சொல்வது இரண்டாம் பாதி.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கரீபியக் கடலில் உள்ள மான்செராட் தீவு சாட்சி. 1995-இல் சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை விழித்தது. தீவின் தெற்குப் பகுதி விலக்கு மண்டலமாக அறிவிக்கப்பட்டது, மக்கள் வடக்கே முகாம்களுக்குப் போனார்கள். விளைநிலமோ தெற்கே இருந்தது. பயிரையும் கால்நடையையும் பார்க்க விவசாயிகள் திரும்பத் திரும்ப உள்ளே போய்வந்தார்கள். 1997 ஜூன் 25 அன்று சூடான வாயுவும் பாறைத்தூளும் மலைச்சரிவில் பாய்ந்து இறங்கியபோது 19 பேர் இறந்தார்கள். மலை ஆபத்தானது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்த வயலுக்குப் பதிலாக எந்த வயல் என்ற கேள்விக்குத்தான் போதுமான விடை கிடைக்கவில்லை.

இனி தண்ணீர். தீவு எச்சரிக்கைகளில் அடிக்கடி வருவதும் அடிக்கடி தவறாக எழுதப்படுவதும் இதுதான். வழக்கமாக ஒட்டப்படும் ஒரு அறிவிப்பின் நடை இப்படி இருக்கும்:

"பொதுக் குடிநீர் மாதிரிகளில் கோலிஃபார்ம் எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட வரம்பை மீறியிருப்பது கண்டறியப்பட்டுள்ளதால், மறு அறிவிப்பு வரும் வரை பொதுமக்கள் தகுந்த முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதைப் படித்த ஒரு தாய்க்கு எந்தக் குழாய் என்று தெரியாது. என்ன செய்ய வேண்டும், குளிக்கலாமா, குழந்தைக்குப் பால் கரைக்கலாமா, எப்போது முடியும் என்பவையும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: ஏதோ பயப்படும்படி இருக்கிறது. அதே செய்தியை இப்படி எழுதலாம்:

"தண்ணீர் எச்சரிக்கை. செவ்வாய், காலை 7 மணி.
வடக்குத் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீரில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி கலந்திருக்கிறது. தெற்குத் தொட்டி நீரில் சிக்கல் இல்லை.
குடிக்க, சமைக்க, பல் துலக்க, குழந்தைக்குப் பால் கரைக்க: தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்து ஆறிய நீர் மட்டும்.
குளிக்கலாம், துணி துவைக்கலாம். குளிப்பாட்டும்போது குழந்தையின் வாயில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
கொதிக்கவைக்க எரிபொருள் இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்று 9 மணி முதல் குளோரின் கரைசல் கொடுக்கப்படும். பாட்டில் கொண்டு வாருங்கள்.
அடுத்த சோதனை முடிவு வியாழன் மாலை 5 மணிக்கு இதே இடத்தில் ஒட்டப்படும். முடிவு நல்லதோ கெட்டதோ, ஒட்டப்படும்."

கடைசி வரியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். "மறு அறிவிப்பு வரும் வரை" என்பது மக்களைக் காக்கவைக்கிறது, நாளும் நேரமும் குறித்த வாக்கு அவர்களை நிதானப்படுத்துகிறது. அந்த வாக்கைக் கொடுக்க, சோதனை தீவிலேயே நடக்க வேண்டும். மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலி கிருமியை வளர்த்துப் பார்க்க 18 முதல் 24 மணி நேரம் ஆகும். மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து, எடுத்த 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். படகில் அனுப்பி பெருநிலத்து ஆய்வகத்தில் சேர்ப்பதற்குள் மாதிரியே கெட்டுவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சிறு வெப்பப்பெட்டி, அதாவது கையடக்க இன்குபேட்டர், ஒன்று இருந்தால் நல்லது. அதற்கு வழியில்லாத இடத்தில், கெட்ட நீர்பட்டால் கறுப்பாக மாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைப் பாட்டில்கள் உதவும். அவை துல்லியமானவை என்று சொல்ல முடியாது. ஆனால் கறுத்துப்போன பாட்டிலை வாசலில் வைத்துக் காட்டினால் அதைவிடத் தெளிவான அறிவிப்பு கிடையாது.

கொதிக்கவைப்பதா, குளோரினா? எரிபொருளைக் கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, அடுப்பு வெப்பத்தில் பாதி வீணாகிறது என்று வைத்தால், சுமார் 14 கிராம் எரிவாயு வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 15 லிட்டர் என்றால் 200 கிராம். வாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. சிலிண்டரும் அதே படகில்தான் வருகிறது. மூன்று வாரம் நீளும் எச்சரிக்கையில் முதல் வாரத்தோடு பல வீடுகளில் கொதிக்கவைப்பது நின்றுவிடுவதற்குச் சோம்பல் காரணமில்லை, இந்தக் கணக்கு காரணம்.

குளோரின் அளவு: மணம் சேர்க்காத, 5 சதவீத வீட்டு பிளீச் திரவம் என்றால் லிட்டருக்கு 2 சொட்டு. 20 லிட்டர் குடத்துக்கு 2 மில்லி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளக்கலாம். கலக்கி 30 நிமிடம் மூடி வைக்க வேண்டும். நீர் கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டி, பிறகு இரு மடங்கு போட வேண்டும். அரைமணி கழித்து முகர்ந்தால் லேசாகக் குளோரின் வாடை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு முறை. இங்கே சறுக்கும் இடம் பிளீச்சின் வயது. வெயிலும் சூடும் பட்ட பிளீச் சில மாதங்களில் வீரியம் இழக்கும். எனவே "கடையில் வாங்கிப் போடுங்கள்" என்று சொல்வதைவிட, சுகாதார நிலையத்திலேயே புதிதாகக் கரைத்து, அளவுக் குச்சியோடு கொடுப்பது நல்லது. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிக்குக் குளோரின் போதாது, கொதிதான் வேண்டும். கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கும் வீடுகளுக்கு எரிபொருளை முன்னுரிமையாகக் கொடுப்பது இதனால்தான்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மக்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. கிருமிக்கு அது சரி. உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, நீரில் கசிந்து கலந்த எரிபொருள் ஆகியவற்றுக்கு அது தவறு. நீர் ஆவியாக ஆவியாக உப்பும் நைட்ரேட்டும் அடர்த்தியாகும். உலக சுகாதார நிறுவனம் நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலுள்ள நீரில் பால் கரைத்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். அந்த நீரைத் தாய் "நன்றாகக் கொதிக்கவைத்து" கொடுப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. எரிபொருள் கலந்த நீரைக் கொதிக்கவைத்தால் ஆவி வீட்டுக்குள் பரவும். ஆகவே இப்படிப்பட்ட அறிவிப்பில் "இந்த நீரைக் கொதிக்கவைத்தும் பயனில்லை" என்ற வரி முதல் வரியாகவே வர வேண்டும். அதற்குக் கீழே மாற்றுநீர் எங்கே, எத்தனை மணிக்கு, ஒருவருக்கு எத்தனை லிட்டர் என்று இருக்க வேண்டும். நெருக்கடியில் குடிக்கவும் உணவுக்கும் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 3 லிட்டர், எல்லாத் தேவைக்கும் சேர்த்து 15 லிட்டர் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு.

எரிபொருள் வாடையைப் பற்றி இன்னொன்று. 2021 நவம்பரில் ஹவாயின் ஓவாஹு தீவில் ரெட் ஹில் நிலத்தடிக் கிடங்கிலிருந்து கசிந்த விமான எரிபொருள் குடிநீர்க் கிணற்றில் கலந்தது. அந்த நீர் அமைப்பை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர். குழாயில் பெட்ரோல் வாடை என்று மக்கள் புகார் சொன்ன தொடக்க நாளில், நீர் பாதுகாப்பற்றது என்பதற்கு உடனடி அறிகுறி இல்லை என்ற பொருளில் அவர்களுக்குச் செய்தி போனது. ஒருவர் மூக்கு சொல்வதை ஆய்வக அறிக்கை வரும் வரை மறுக்கக் கூடாது. "வாடை வருவதாகச் சொல்கிறீர்கள், காரணம் தெரியும் வரை அந்தக் குழாய்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், லாரி தண்ணீர் வருகிறது" என்று அன்றே சொல்லிவிடலாம். பின்னால் அது பொய்யான பயம் என்று தெரிந்தால் நஷ்டம் இரண்டு நாள் லாரி வாடகை. உண்மையென்று தெரிந்தால் ஆயிரக்கணக்கானோர் உடல்நலம் காப்பாற்றப்பட்டிருக்கும்.

உப்புக்கு வேறு விளக்கம் தேவை. பவளத்தீவில் நிலத்தடி நன்னீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு முழம் நின்றால் கீழே சுமார் 40 முழம் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே கொஞ்சம் இறைத்தாலும் அடியில் உப்பு பல மடங்கு எழும்பி வரும். புயல் அலை கிணற்றுக்குள் புகுந்ததும் எல்லாரும் செய்ய நினைப்பது மோட்டார் போட்டு முழுக்க இறைத்துவிடுவது. 2004 சுனாமிக்குப் பிறகு பல கடலோரக் கிணறுகளில் இப்படி மிகையாக இறைத்ததால் அடி உப்பு மேலே ஏறியது. சொல்ல வேண்டியது: குப்பையையும் சேற்றையும் வெளியே எடுங்கள், ஒரு முறை மெதுவாக இறையுங்கள், பிறகு மழைக்கு விட்டுவிடுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் நிறமேற்றிய உப்புநீரை ஊற்றி, அதன்மேல் நல்ல நீரைக் கரண்டி வழியாக மெல்ல விட்டு, நடுவில் உறிஞ்சுகுழாய் வைத்து உறிஞ்சிக் காட்டினால் பள்ளிப் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். அதை வீட்டில் போய் விளக்குபவர்களும் அவர்கள்தான்.

மீனுக்கு வருவோம். மீன் தீவில் உணவு, தொழில், கௌரவம் மூன்றும். அதனால் "மீன் சாப்பிடாதீர்கள்" என்ற மொத்த எச்சரிக்கையைப் போலச் சேதம் விளைவிப்பது வேறில்லை. மக்கள் அதைக் கேட்டால் டின் இறைச்சிக்கும் நூடுல்ஸுக்கும் போய்ச் சர்க்கரை நோயை வாங்கிக்கொள்வார்கள். கேட்காவிட்டால் எந்த மீனில் ஆபத்தோ அதையும் சேர்த்தே சாப்பிடுவார்கள். எந்த மீன், எந்த அளவு, எந்தப் பாறைத்திட்டு, யாருக்கு என்று நான்கையும் பிரித்துச் சொல்வதுதான் வேலை.

இதைச் சரியாகச் செய்ததற்கு வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகள் நல்ல உதாரணம். அங்கே பைலட் திமிங்கல இறைச்சி நூற்றாண்டுகளாக உண்ணப்படுகிறது. அதில் சிசுவின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் மெத்தில் பாதரசம் அதிகம் என்று உள்ளூர் ஆய்வுகளே காட்டின. 1998-இல் சுகாதாரத் துறை கொடுத்த அறிவுரை கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், மூன்று மாதத்துக்குள் கருத்தரிக்க நினைப்பவர்கள் ஆகியோரைத் தனியாகப் பேசியது: நீங்கள் இந்த இறைச்சியைத் தவிருங்கள். மற்றவர்களுக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு வேளை என்ற எல்லை. அதே கடலின் காட் மீனில் பாதரசம் குறைவு என்பதால் மாற்று தட்டிலேயே இருந்தது. இளம்பெண்களின் உடலில் பாதரச அளவு நன்றாகக் குறைந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2008-இல், தலைமை மருத்துவர் ஹோக்னி டெபெஸ் யோவென்சனும் ஆய்வாளர் பால் வெய்ஹேயும் இனி அந்த இறைச்சி மனித உணவுக்கே ஏற்றதல்ல என்று சொன்னார்கள். இருவரும் அந்த மண்ணின் மைந்தர்கள். வெளியிலிருந்து வந்த ஓர் அமைப்பு அதையே சொல்லியிருந்தால், நம் வழக்கத்தைப் பழிக்கிறார்கள் என்ற ஒரே வாக்கியத்தில் அது முடிந்திருக்கும்.

சிகுவாட்டெரா என்ற மீன் நச்சுநோய் வேறு வகை. பவளப்பாறைப் பாசியில் வளரும் காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்ணுயிரின் நச்சு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்குச் சேர்ந்துகொண்டே போகும். சீலா, கலவா, செப்பிலி, விலாங்கு வகைகளில் பெரியவை அதிக ஆபத்து, ஈரலும் முட்டையும் தலையும் சதையைவிட மோசம். நிறம், மணம், சுவை எதுவும் மாறாது. பொரித்தாலும் கருவாடாக்கினாலும் உறையவைத்தாலும் நச்சு போகாது. ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பது, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகள் பல தீவுகளில் இருக்கின்றன, அவை பலிப்பதில்லை. அதே சமயம், எந்தத் திட்டில் பிடித்த மீனில் நச்சு இருக்கும் என்று பழைய மீனவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர்களை அழைத்து, வரைபடத்தில் திட்டுகளைக் குறிக்கச் செய்து, மருத்துவ நிலையத்துக்கு வந்த நோயாளிகள் சாப்பிட்ட மீன் எங்கே பிடிபட்டது என்ற பதிவோடு ஒப்பிட்டால், இரண்டும் சேர்ந்து நம்பகமான எச்சரிக்கை வரைபடம் ஆகும். மீன் பெயர்கள் அந்தத் தீவின் பேச்சுப் பெயர்களாகவே இருக்க வேண்டும். ஒரே மீனுக்குக் குட்டியில் ஒரு பெயர், பெரிதானால் வேறு பெயர் என்று இருந்தால் பெரியதன் பெயரைத்தான் எழுத வேண்டும். அறிகுறியும் அறிவிப்பில் வேண்டும்: சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு; பிறகு உதடும் விரலும் மரத்துப்போவது; குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவதுபோல் எரிவது. இந்தக் கடைசி அறிகுறியை ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார். இந்த நோய் வந்தவர்கள் சில மாதங்களுக்கு மீனும் மதுவும் தொடக் கூடாது, தொட்டால் திரும்ப வரும்.

மண்ணிலேயே நச்சு தங்கிவிட்ட தீவுகளும் உண்டு. கரீபியக் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளில் வாழைத் தோட்டங்களுக்கு 1972 முதல் குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி போடப்பட்டது. பிரான்ஸ் 1990-இல் தடை செய்தது, தீவுகளில் விலக்குடன் 1993 வரை தொடர்ந்தது. பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ரத்தத்தில் இன்று அது காணப்படுகிறது. தடைக்குப் பிறகும் நீண்ட அந்த மூன்றாண்டு இடைவெளியை மக்கள் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. எந்தச் சுகாதாரச் செய்தியும் அந்தக் கோபத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது. அங்கே பலன் தந்த வழி வீட்டுத்தோட்ட மண்ணை இலவசமாகச் சோதித்து, உங்கள் மண்ணில் இவ்வளவு, ஆகவே இதைப் பயிரிடலாம், இதை வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்வது. மண்ணுக்குள் விளையும் கிழங்கும், மண்ணைக் கொத்தித் தின்னும் கோழியின் முட்டையும் நச்சை எடுக்கும். மரத்தில் காய்க்கும் பழம் எடுக்காது. மாசுபட்ட இடத்துக் கிழங்கு வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், தோலைத் தடிமனாகச் சீவுங்கள் என்ற அளவுக்கு இறங்கிப் பேசினால்தான் சமையலறையில் மாற்றம் வரும்.

சாம்பல், வாயு பற்றிச் சுருக்கமாக. மழைநீர்த் தொட்டியை நம்பும் வீடுகளுக்குச் சாம்பல் விழுவதற்கு முன்பே சொல்ல வேண்டியது ஒரே வேலை: கூரையிலிருந்து தொட்டிக்கு இறங்கும் குழாயைக் கழற்றி, தொட்டியை மூடுங்கள். விழுந்த பிறகு, கூரையை லேசாக நனைத்துக் கூட்டுங்கள். வெள்ளமாக ஊற்றினால் சாம்பல் கனத்துக் கூரையே இறங்கிவிடும். அடுத்த முதல் மழையை வெளியே விட்டபின் குழாயை மாட்டுங்கள். ஜப்பானின் மியாகே தீவில் 2000-ஆம் ஆண்டு வெடிப்புக்குப் பின் கந்தக டை ஆக்சைடு ஓயவில்லை. அந்தச் செப்டம்பரில் தீவே காலி செய்யப்பட்டு, 2005 பிப்ரவரியில்தான் மக்கள் திரும்பினார்கள். திரும்பியவர்கள் எங்கே போனாலும் வாயு முகமூடியை உடன் எடுத்துச்செல்ல வேண்டும் என்பது அப்போது விதியாக இருந்தது. ஆபத்து இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆபத்தோடு எப்படி வாழ்வது என்று கைக்கு ஒரு பொருளைக் கொடுத்தார்கள்.

அலை விஷயத்தில் நேரமே எதிரி. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி சுமார் பத்தே நிமிடத்தில் அடைந்தது. எந்த மையமும் அதற்குள் எச்சரித்திருக்க முடியாது. ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தவர்கள் 7 பேர். 1907 சுனாமிக்குப் பிறகு தாலாட்டாகவும் கதையாகவும் வந்த "ஸ்மாங்" என்ற சொல் அவர்களைக் காத்தது: நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. செய்தியின் இலக்கணம் அத்தனையும் அதில் இருக்கிறது. ஓர் அடையாளம், ஒரு செயல், ஒரு திசை. ஆனால் அடையாளத்தைச் சரியாகத் தேர்வு செய்ய வேண்டும். 2010 அக்டோபர் 25 அன்று அதே இந்தோனேசியாவின் மென்தாவாய் தீவுகளில் நிலம் பலமாக ஆடவில்லை, மெதுவாக நெடுநேரம் அசைந்தது. பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "பலமாக ஆடினால்" என்று மட்டும் கற்பித்தது போதவில்லை. "பலமாகவோ, நெடுநேரமோ" என்பதுதான் முழு வாக்கியம். நெடுநேரம் என்பதை அறுபது வரை எண்ணச்சொல்லிப் பழக்கலாம்.

எந்த வழியாகச் சொல்வது என்பதற்குப் பசிபிக் தீவுநாடான டோங்கா பாடம். 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் நாட்டை உலகோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது, சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. வாட்ஸ்அப் குழுவை நம்பிய திட்டம் அந்த நாளில் வெறும் தாள். ஆகவே ஒவ்வொரு தீவிலும் குறைந்தது மூன்று வழி வேண்டும், மூன்றும் ஒரே மின்சாரத்தை நம்பக் கூடாது. பேட்டரியில் ஓடும் எஃப்.எம். அல்லது உயர் அலைவரிசை ரேடியோ ஒன்று, கையால் இயக்கும் சைரன் அல்லது வழிபாட்டிட மணி ஒன்று, வீடு வீடாகப் போகும் ஆள் ஒருவர். ஆளுக்கு முப்பது வீடு என்று முன்பே பிரித்து, படுக்கையில் இருப்பவர், காது கேளாதவர், தனியாக இருக்கும் முதியவர் ஆகியோர் வீடுகளைப் பட்டியலின் தலையில் வைக்க வேண்டும். சிறு தீவில் இது பெருநகரத்தைவிட எளிது. யார் எங்கே இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தவறிப் போன எச்சரிக்கையைத் திரும்பப் பெறும் செய்தியும் தயாராக இருக்க வேண்டும். 2018 ஜனவரி 13 காலை ஹவாய் மக்களின் கைப்பேசிக்கு ஏவுகணை வருகிறது என்ற தவறான செய்தி போனது. அதே வழியில் திருத்தம் போக 38 நிமிடம் பிடித்தது. "முந்தைய செய்தி தவறு" என்ற வாக்கியத்தை முன்பே எழுதி, அனுமதியும் வாங்கி வைத்திருந்தால் அது இரண்டு நிமிட வேலை.

நம்பிக்கை உடைந்தால் தீவில் என்ன ஆகும் என்பதை இன்னொரு பசிபிக் தீவுநாடான சமோவா காட்டியது. 2018 ஜூலையில் தட்டம்மைத் தடுப்பூசித் தூளை நீருக்குப் பதில் தவறான மருந்தில் கலந்ததால் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசியில் குறையில்லை, கலந்த கையில் குறை. ஆனால் திட்டம் பல மாதம் நிறுத்திவைக்கப்பட்டது, அந்த மௌனத்தில் வதந்தி வளர்ந்தது. தடுப்பூசி போட்ட குழந்தைகளின் பங்கு சுமார் 31 சதவீதமாக விழுந்தது. 2019 இறுதியில் தட்டம்மை வந்தபோது 5,700 பேர் பாதிக்கப்பட்டு 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறு குழந்தைகள். டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு நாள் நாட்டையே நிறுத்தி, தடுப்பூசி போடாதவர் உள்ள வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, ஊசிக் குழுக்கள் வீடு தேடிப் போயின. அந்தச் சிவப்புத் துணியைப் பாருங்கள்: படிக்க வேண்டியதில்லை, போன் வேண்டியதில்லை, மக்களே பதில் சொல்கிறார்கள். 2018-இல் செய்திருக்க வேண்டியதும் அதே எளிமைதான்: என்ன நடந்தது, யார் தவறு, எதை மாற்றிவிட்டோம், என்று மீண்டும் தொடங்குகிறோம் என்று முதல் வாரத்திலேயே ஊர்க்கூட்டத்தில் சொல்வது.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. "ஆபத்து இரு மடங்கு" என்று சொல்லாதீர்கள். பத்தாயிரத்தில் ஒருவர் இரண்டு பேர் ஆவதும் இரு மடங்கு, நூறில் பத்துப் பேர் இருபது ஆவதும் இரு மடங்கு. நம் தீவு அளவுக்கு மாற்றிச் சொல்லுங்கள்: "நம் 3,000 பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு". தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது தெரியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். மார்ஷல் தீவுகளின் ரோங்கெலாப் மக்கள் 1954 அணுகுண்டுச் சோதனைக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்கள். 1957-இல் பாதுகாப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1985-இல் தாங்களாகவே கப்பல் ஏறி வெளியேறினார்கள். "பாதுகாப்பு" என்ற ஒற்றைச் சொல்லுக்குத் தலைமுறைக் கணக்கில் விலை இருக்கிறது. அளந்தது எது, அளக்காதது எது என்று சொல்வது அதைவிட நேர்மை.

ஒட்டுவதற்கு முன் எந்த அறிவிப்பையும் ஐந்து பேரிடம் காட்டுங்கள். ஒருவர் மீனவர், ஒருவர் கைக்குழந்தைத் தாய், ஒருவர் எழுத்து அதிகம் தெரியாத முதியவர் என்று இருக்கட்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "இப்போது வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். ஐந்தில் இருவர் வேறுவிதமாகச் சொன்னால் தாளைத் திருத்துங்கள்.

கடைசியாக, எச்சரிக்கையை முடிக்கும் வேலை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பழைய தாள் மழையில் நனைந்து ஆண்டுக்கணக்கில் சுவரில் தொங்கும். நீர் சரியாகிவிட்டது என்றால் அந்தத் தாளைக் கிழித்தெடுத்து, அதே இடத்தில் வேறு நிறத் தாளில் எழுதுங்கள்: ஒவ்வொரு குழாயையும் 5 நிமிடம் திறந்துவிடுங்கள், அந்த நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். ஃப்ரிட்ஜில் உள்ள ஐஸைக் கொட்டுங்கள். வீட்டுத் தொட்டியில் கால்பங்கு நீர் விட்டு, தொட்டியின் முழுக் கொள்ளளவில் ஆயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் 5 சதவீத பிளீச் கலந்து, சுவரெல்லாம் தேய்த்து, ஊறவைத்து வெளியேற்றுங்கள், கிணற்றுப் பக்கம் விடாதீர்கள். பிறகு ஒரு முறை நல்ல நீரில் அலசி நிரப்புங்கள். கைகளுக்கு உறை போட மறவாதீர்கள். எச்சரிக்கை விடுத்தவரே இந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டு, தன் வீட்டுக் குழாயில் எடுத்த மாதிரியின் முடிவையும் அதன் கீழே எழுதிவைக்கட்டும்.